கடற்காற்று படும் காருக்கு எந்த ஸ்பேனர் செட்?

“காருக்குச் சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ள ஒரு ஸ்பேனர் செட் வாங்க வேண்டும், எது நல்லது?” என்று கேட்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு விலைகள் இருக்கும். ஒன்று, நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ உள்ள கருவிக் கடையில் விசாரித்த எட்டு ரிங் ஸ்பேனர்களின் விலை. மற்றொன்று, கைபேசியில் பார்த்த, நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள் கொண்ட பெட்டியின் விலை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் குழப்பம் தொடங்குகிறது. எட்டு எங்கே, நூறு எங்கே?

எத்தனை துண்டு என்பது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். வீடு எங்கே இருக்கிறது, கார் எந்த நிறுவனத்துடையது என்பவையே முதல் கேள்விகள். நீரோடியிலிருந்து ஆரோக்கியபுரம் வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் கடல். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே பெய்கின்றன. குளச்சலிலோ முட்டத்திலோ திறந்த வெளியில் நிற்கும் காரின் அடிப்பகுதி போல்ட்டுகளை, உள்நாட்டு ஊரில் நிற்கும் காரின் போல்ட்டுகளைப் போலச் சுலபமாகக் கழற்ற முடியாது. உப்பும் ஈரமும் சேர்ந்து நட்டையும் மரையையும் ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. அதனால் இங்கே ஸ்பேனரின் முதல் வேலை திருப்புவது அல்ல, வழுக்காமல் பிடிப்பது.

எதை வைத்து எடைபோடுவது

பிடி. நட்டுக்கு ஆறு பக்கங்கள். ஓப்பன் ஸ்பேனர் அவற்றில் இரண்டை மட்டும் கவ்வுகிறது. நட்டு இறுகியிருந்தால் ஸ்பேனரின் வாய் சற்றே விரிந்து, விசை முழுவதும் இரண்டு மூலைகளில் விழும். மூலைகள் மழுங்கினால் அந்த நட்டு உங்கள் கையை விட்டுப் போயிற்று. ரிங் ஸ்பேனர் நட்டைச் சுற்றிலும் பிடிக்கிறது. ஆனால் நம் கடைகளில் கிடைக்கும் ரிங் ஸ்பேனர்கள் பெரும்பாலும் உட்புறம் பன்னிரண்டு முனை கொண்டவை. 30 பாகை திருப்பியதும் எடுத்து மறுபடி மாட்டலாம் என்பது அதன் வசதி. நட்டின் மூலைகளுக்கு அருகிலேயே அழுத்தம் விழுவது அதன் குறை. துருப்பிடித்து ஏற்கெனவே கொஞ்சம் தேய்ந்த நட்டுக்கு ஆறு முனை சாக்கெட்டே (நட்டின்மேல் கிண்ணம்போல் கவிழும் கருவி) சரி. அது மூலைகளைத் தாண்டித் தட்டையான பக்கங்களில் நன்றாகப் படிகிறது.

அளவு. செட் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 8 மி.மீ. தடிமனுள்ள ஒரே போல்ட்டுக்கு ஜப்பானிய வழக்கில் தலை 12 மி.மீ.; ஐரோப்பிய வழக்கில் 13. மாருதி சுசுகி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் அடிக்கடி கைக்கு வருபவை 10, 12, 14, 17, 19. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ரெனால்ட் போன்றவற்றில் 10, 13, 16, 18. டாட்டா, மஹிந்திரா வண்டிகளிலும் 13 நிறைய வரும். சக்கர நட்டு மாருதி கார்களில் பெரும்பாலும் 19, ஹூண்டாயில் 21. பேட்டரி முனைக்குப் பெரும்பாலும் 10. ஸ்பார்க் பிளக் பழைய மாருதி 800-இல் 21. புதிய எஞ்சின்களில் 16, சிலவற்றில் 14. ஆக, ஒரு காருக்கு உண்மையில் வேண்டியது ஆறேழு அளவுகள்தாம். அந்த ஆறேழும் உயர்ந்த தரத்தில் இருக்க வேண்டும்.

துரு. ‘குரோம் வனேடியம்’ என்று ஸ்பேனரில் பொறித்திருப்பதைப் பார்த்து, அது துருப்பிடிக்காத எஃகு என்று பலர் நினைக்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்க வேண்டும். ஸ்பேனர் எஃகில் அது ஏறக்குறைய ஒரு சதவீதம். அது வலிமைக்காகச் சேர்க்கப்படுகிறது, துருவைத் தடுக்க அல்ல. துருவைத் தடுப்பது மேலே உள்ள முலாம் மட்டுமே. அது பொரிந்த இடத்திலிருந்து உப்புக்காற்று உள்ளே இறங்கும்.

எட்டும் இடம். நவீன கார்களின் எஞ்சின் அறையில் கைவிடவே இடம் குறைவு. சில போல்ட்டுகளை ரிங் மட்டுமே எட்டும். குழிக்குள் இருப்பவற்றை சாக்கெட்டும் அதை நீட்டிக்கும் கம்பியான எக்ஸ்டென்ஷனும் மட்டுமே எட்டும்.

மறைந்த செலவு. எஞ்சின் ஆயில் தங்கும் தொட்டியான ஆயில் சம்ப்பின், ஆயிலை வடிக்கும் டிரெய்ன் போல்ட் மழுங்கிவிட்டால், வேறொரு நட்டை அதன் தலைமேல் வெல்டிங் வைத்துத்தான் பட்டறையில் கழற்றுவார்கள். சம்ப் அலுமினியமாக இருந்து மரையும் போய்விட்டால், மரையைப் புதிதாக வெட்டவோ சம்ப்பையே மாற்றவோ வேண்டும். மட்டமான ஸ்பேனரால் மிச்சமான பணம் அந்த ஒரே நாளில் பல மடங்காகக் கரைந்துவிடும். விலையை ஒப்பிடும்போது இந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

முதல் வழி: ஓப்பன் செட்டும் ரிங் செட்டும்

பட்டறைகளில் தலைமுறைகளாக நிற்கும் வழி இது. நாசிக்கில் தயாராகும் டபாரியா முதல் ஜலந்தர், லூதியானா பகுதிகளில் செய்யப்படும் பல பெயர்கள் வரை இந்த வகை நம் ஊர்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. எட்டுத் துண்டு செட்டில் வழக்கமாக வரும் அளவுகள்: 6×7, 8×9, 10×11, 12×13, 14×15, 16×17, 18×19, 20×22. ஜப்பானிய அளவும் ஐரோப்பிய அளவும் இதற்குள் அடங்கிவிடுகின்றன, ஒன்றைத் தவிர. இந்த வரிசையில் 21 இல்லை. ஹூண்டாய் வைத்திருப்பவர் இந்தச் செட்டை வாங்கிச் சக்கரம் கழற்ற உட்கார்ந்தால் 20-க்கும் 22-க்கும் நடுவே நிற்க வேண்டியதுதான்.

ஓப்பன், ரிங் இரண்டையும் ஏன் வாங்க வேண்டும்? பல இடங்களில் போல்ட்டின் தலையை ஒன்றால் பிடித்துக்கொண்டு நட்டை இன்னொன்றால் திருப்ப வேண்டும். இரண்டும் ஒரே அளவு. இரண்டு செட் இருந்தால் ஒவ்வோர் அளவிலும் இரண்டு ஸ்பேனர்கள் கைவசம். ஒரு முனை ஓப்பன், மறுமுனை ரிங் என்று ஒரே அளவில் வரும் காம்பினேஷன் செட் பார்க்க அழகு, இடமும் குறைவு. ஆனால் அது மட்டும் இருந்தால் இந்த வேலைக்குத் துணை ஸ்பேனர் தேட வேண்டியிருக்கும்.

ரிங் ஸ்பேனருக்கு சாக்கெட் செட்டில் இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. அதில் அசையும் பாகம் எதுவும் இல்லை. உப்புக்காற்றில் கெட்டுப்போக உள்ளே பல்லோ ஸ்பிரிங்கோ கிடையாது. மேலே துரு படர்ந்தாலும் தேய்த்து, எண்ணெய் தடவி மீட்டுவிடலாம். கடலோர வீட்டுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

மறைந்த செலவு: சக்கர நட்டுக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் இது உதவாது. அவற்றுக்குத் தனியே வாங்கியாக வேண்டும்.

இரண்டாம் வழி: அரை இஞ்ச் சாக்கெட் செட்

வேகம் வேண்டுமானால் இதுதான். அரை இஞ்ச் என்பது சாக்கெட்டும் கைப்பிடியும் சேரும் சதுர முனையின் அளவு. ராட்செட்டில் (ஒரு பக்கம் திருப்பி, மறுபக்கம் சும்மா சுழலும் பல் வைத்த கைப்பிடி) மாட்டி, எடுத்து எடுத்து மாட்டாமல் திருப்பலாம். ராட்செட்டில் 24 பல் இருந்தால் ஒவ்வோர் அசைவுக்கும் குறைந்தது 15 பாகை இடம் வேண்டும். 72 பல் என்றால் 5 பாகை போதும். இடம் குறுகிய எஞ்சின் அறையில் இந்த வித்தியாசத்தை உடனே உணர்வீர்கள்.

வாங்குவதற்கு முன் ஒவ்வொரு சாக்கெட்டின் உள்ளேயும் பாருங்கள். ஆறு முனையா, பன்னிரண்டு முனையா? நம் மாவட்டத்துக்கு ஆறு முனை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றாலும் ஆறையே கேட்டு வாங்குங்கள்.

இறுகிய நட்டை முதன்முதலில் அசைக்க ராட்செட்டைப் பயன்படுத்தக் கூடாது. உள்ளே இருக்கும் சிறிய பற்கள் அந்த அதிர்ச்சிக்கானவை அல்ல. அதற்கு நீளமான, பல் இல்லாத கைப்பிடி வேண்டும். ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தால், 25 செ.மீ. கைப்பிடியில் நட்டுக்குக் கிடைப்பது 75 நியூட்டன் மீட்டர் (திருப்பு விசையின் அலகு), 45 செ.மீ. கைப்பிடியில் அதே கைக்கு 135. மூட்டுகளைக் காயப்படுத்திக்கொண்டு போராடுவதைவிட நீளத்துக்குக் காசு கொடுப்பது மேல்.

இந்த நீளமே சின்ன போல்ட்டுகளுக்கு எமன். 10 மி.மீ. தலை கொண்ட சாதாரண போல்ட்டின் உடல் 6 மி.மீ. தடிமன்தான். அதன் இறுக்கம் ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். அரை இஞ்ச் ராட்செட்டின் நுனியில் நாலு கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினாலே அந்த அளவு வந்துவிடும். அதற்குமேல் கை போவது தெரியாது, போல்ட் முறிவது தெரியும். ஆகவே சாக்கெட் செட் மட்டும் வைத்திருப்பவர் 10 மி.மீ. வேலைக்கு என்று ஒரு சிறிய ரிங் ஸ்பேனரோ கால் இஞ்ச் ராட்செட்டோ தனியாக வாங்க வேண்டியிருக்கும். இதன் மறைந்த செலவு அதுதான். தரமான சாக்கெட் செட் ரிங் செட்டைவிடப் பல மடங்கு விலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் வழி: நூறு துண்டுப் பெட்டி

இதில் இரண்டு ரகம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெரிய பெட்டிகள் நல்லவை. அவற்றின் விலையும் அப்படியே இருக்கும். எனக்குக் கவலை தருவது மலிவுப் பெட்டிகள்தாம். அவற்றில் எண்ணிக்கையைக் கூட்டுவது ஸ்க்ரூ டிரைவர் பிட்டுகள். திருகு முனைகள் ஐம்பதும் அறுபதும் ‘துண்டு’ கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. எல்லா இடத்திலும் விற்கும் 46 துண்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்: கால் இஞ்ச் டிரைவ், சாக்கெட்டுகள் 4 முதல் 14 மி.மீ. வரை. அதில் 17 இல்லை, 19 இல்லை, 21-உம் இல்லை. காருக்கென்று வாங்கிய செட்டால் காரின் ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்ற முடியாது.

முலாமும் மெல்லியது. பெட்டியின் உள்ளே பஞ்சு மெத்தை வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு கருவியோடு ஒட்டிக் கிடக்கும். ஆடி மாதம் மூடி வைத்த பெட்டியை ஐப்பசியில் திறந்தால் ஒவ்வொரு குழியிலும் செம்பழுப்புத் தடம் தெரியும்.

இது யாருக்குப் பொருந்தும்? வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள், சைக்கிள், மிக்சி, கட்டில் என்று கலவையாக வேலை செய்பவருக்கு. காரின் அடியில் படுப்பவருக்கு அல்ல.

நான்காம் வழி: வளைகுடாவிலிருந்து வரும் செட்

மற்ற மாவட்டக்காரர்கள் இதைப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். நம் ஊரில் சேர்க்காமல் இருக்க முடியாது. மாமாவோ மச்சானோ அண்ணனோ துபாய், மஸ்கட், தம்மாம் என்று எங்காவது இருக்கிறார். விடுமுறைக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். அங்கே பட்டறையில் வேலை செய்பவர் தேர்ந்தெடுத்துக் கொண்டுவரும் கருவிகள் பெரும்பாலும் அருமையானவை. உலோகத்தின் பளபளப்பிலும் கையில் உட்காரும் விதத்திலும் தெரிந்துவிடும்.

ஆனால் சொல்லி அனுப்பும்போது ‘மில்லிமீட்டர் அளவு மட்டும்’ என்று அழுத்திச் சொல்லுங்கள். அமெரிக்க வண்டிகளும் ஓடும் சந்தை அது. பாதி மில்லிமீட்டர், பாதி இஞ்ச் என்ற கலவைச் செட்டுகள் அங்கே சகஜம். இஞ்ச் அளவுகளில் முக்கால் இஞ்ச் என்பது 19.05 மி.மீ., ஆகவே 19-க்குச் சரியாக உட்காரும். அரை இஞ்ச் என்பது 12.7 மி.மீ.; 12-இல் ஆடும், 13-இல் நுழையவே நுழையாது. ஒன்பது பதினாறு இஞ்ச் 14.29 மி.மீ.; 14-இல் மாட்டினால் பொருந்தியது போலத் தோன்றும். துருப்பிடித்த 14 நட்டை அது உருட்டிவிடும். பார்வைக்குப் பொருந்தி, கைக்குத் துரோகம் செய்யும் அளவு அது.

ஒரு துண்டு உடைந்தால் மாற்றித் தரும் உத்தரவாதமும் அந்த நாட்டுக் கடையோடு நின்றுவிடும். விமானத்தில் கைப்பையில் எடுத்து வர முடியாது. பெரிய பெட்டியில்தான் வைக்க வேண்டும், அதன் எடை குடும்பத்துக்கென்று வாங்கிய மற்றப் பொருள்களின் இடத்தைத் தின்னும். கொண்டுவருபவரிடம் நூறு துண்டு கேட்காமல், ஒரு நல்ல ராட்செட்டும் உங்கள் காரின் அளவுகளில் ஆறேழு சாக்கெட்டுகளும் மட்டும் கேளுங்கள்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஓப்பன் + ரிங் | அரை இஞ்ச் சாக்கெட் | மலிவு நூறு துண்டு | வளைகுடா செட் |
|---|---|---|---|---|
| இறுகிய நட்டில் பிடி | ரிங் நன்று, ஓப்பன் போதாது | ஆறு முனையானால் மிக நன்று | நம்ப முடியாது | பெரும்பாலும் மிக நன்று |
| காரின் அளவுகள் | 21 தவிர எல்லாம் | எல்லாம், 21 உண்டா எனப் பார்க்கவும் | பெரிய அளவுகள் பலவற்றில் இல்லை | இஞ்ச் கலந்திருக்கலாம் |
| உப்புக்காற்று | மீட்க எளிது | ராட்செட்டைக் கவனிக்க வேண்டும் | சீக்கிரம் துரு | முலாம் நன்று |
| ஒரு துண்டு போனால் | உள்ளூரிலேயே சில்லறையாக | உள்ளூரிலேயே சில்லறையாக | முழுப் பெட்டிதான் | அடுத்த விடுமுறை வரை |
| தனியே வாங்க வேண்டியது | சக்கரம், பிளக் சாக்கெட் | சிறிய 10 மி.மீ. கருவி | ஏறக்குறைய எல்லாமே | விடுபட்ட மி.மீ. அளவுகள் |

என் தேர்வும் விதிவிலக்குகளும்

இந்த மாவட்டத்தில், சொந்தக் காரில் ஆயில், பில்டர், பேட்டரி, பிளக், சக்கரம் வரை செய்ய விரும்பும் ஒருவருக்கு நான் சொல்வது: முழு சாக்கெட் செட் வேண்டாம். நல்ல ரிங் செட் ஒன்று. அதனோடு உங்கள் கார் கேட்கும் அளவுகளில் மட்டும் ஆறு முனை சாக்கெட்டுகள் சில்லறையாக ஐந்தாறு, ஓர் எக்ஸ்டென்ஷன், 45 செ.மீ. அளவில் நீளமான கைப்பிடி. ஓப்பன் ஸ்பேனரை 10, 12 அல்லது 13, 14 அளவுகளில் மட்டும் தனித்தனியாக. பெரிய பெட்டிக்கு ஆகும் பணத்தில் பாதியை மிச்சம் பிடித்து, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கும் காரைத் தாங்கும் ஸ்டாண்டுகளுக்கும் ஒதுக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் போகாதீர்கள்.

தூத்தூர், இனயம், மண்டைக்காடு போன்று கடலை ஒட்டி வீடு இருந்தால் ரிங் ஸ்பேனரின் பக்கம் இன்னும் சாயுங்கள். ராட்செட்டை இரண்டாம் கட்டமாக வாங்கலாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் உப்பு குறைவு, ஈரம் அதிகம். அங்கே சாக்கெட் செட் நன்றாகவே உழைக்கும். ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர் எந்த வழியில் போனாலும் நட்சத்திர முனைக் கருவிகளும் எல் கீ செட்டும் சேர்த்தே ஆக வேண்டும். அவருக்கு மட்டும், பெயர்பெற்ற நிறுவனத்தின் பெரிய பெட்டி கணக்குக்குச் சரியாக வரும். ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வந்து போகிறவர், நின்றுபோன காரின் பேட்டரி முனையைச் சுத்தம் செய்து ஓட்ட மட்டுமே விரும்பினால் ஒரு 10 மி.மீ. ரிங் ஸ்பேனரும் சக்கர ஸ்பேனரும் போதும். அவர் செட் வாங்கவே வேண்டாம்.

வாயை விரித்துச் சுருக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரைப் பற்றி ஒரே வரி: தண்ணீர்க் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள், காருக்கு வேண்டாம்.

டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு. பெரும்பாலான சிறிய கார்களின் சக்கர நட்டுக்கு 85 முதல் 125 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் சொல்வார்கள். உங்கள் காரின் சரியான எண் கையேட்டில் இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் கால் மீட்டர் நீளமுள்ள சக்கர ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றால் ஏறக்குறைய 150. இப்படி இறுக்கிய நட்டுதான் நடுவழியில், மழையில், உங்கள் மனைவியோ மகளோ தனியாக ஸ்டெப்னி மாற்ற முயலும்போது அசைய மறுக்கிறது. இறுக்க மட்டும் டார்க் ரெஞ்சைப் பயன்படுத்துங்கள், கழற்ற அல்ல. வேலை முடிந்ததும் அதன் அளவைக் கடைசிக் குறைந்த எண்ணுக்குத் திருப்பி வையுங்கள்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

கையில் புதிய போல்ட்டுகள் இரண்டு எடுத்துச் செல்லுங்கள்: 10 மி.மீ. தலை ஒன்று, உங்கள் காருக்கு ஏற்ப 12 அல்லது 13 தலை ஒன்று. வாங்கப்போகும் ஸ்பேனரை மாட்டி ஆட்டிப் பாருங்கள். லேசாகத் தள்ளியதும் உட்கார வேண்டும், உட்கார்ந்தபின் தளர்ந்து ஆடக் கூடாது. அளவும் நிறுவனப் பெயரும் ஆழமாகவும் தெளிவாகவும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெயர்பெற்ற கருவிகளின் பெயரில் போலிகளும் உலவுவதால் பில் கேட்டு வாங்குங்கள். வாயின் ஓரத்தில் முலாம் கொப்புளித்திருந்தால் வேறு துண்டு கேளுங்கள். சில்லறையாக ஒரே அளவு தருவாரா என்றும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள். காலப்போக்கில் தொலைவது எப்போதும் 10 மி.மீ. ஸ்பேனர்தான்.

வாங்கிய பின்

துருப்பிடித்த நட்டை உலர்ந்த நிலையில் தாக்காதீர்கள். முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டு, கம்பித் தூரிகையால் தலையைச் சுத்தம் செய்த பிறகு சாக்கெட்டை முழுதாக உட்காரவையுங்கள். நட்டின் தலையில் ஒட்டியிருக்கும் துருத் தூளால் கருவி பாதிதான் உட்கார்ந்திருக்கும். பாதிப் பிடியில்தான் மூலைகள் உருள்கின்றன.

வேலை முடிந்ததும் கருவிகளை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, எஞ்சின் ஆயிலில் தோய்த்த துணியால் ஒருமுறை தடவுங்கள். நல்ல தண்ணீர் எதற்கென்றால், உப்பு எண்ணெயில் கரையாது. துடைக்காமல் எண்ணெய் பூசினால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டியைவிடத் துணிச்சுருள் பையில் வைத்து, வீட்டின் உள்ளறை அலமாரியில் போடுங்கள். காரின் டிக்கியில் சக்கர ஸ்பேனரும் ஜாக்கியும் தவிர வேறெதையும் நிரந்தரமாக வைக்க வேண்டாம். ஜூன் தொடங்கும் முன் ஒருமுறையும் அக்டோபர் தொடங்கும் முன் ஒருமுறையும் பையைப் பிரித்து எல்லாவற்றுக்கும் எண்ணெய் தடவிவிடுங்கள்.